பெட்டியின் அகமும் பணத்தின் புறமும்: ஓர் எடையியல் ஆய்வு

வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டுவது, தமிழ்க் குடும்பங்களில் காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் அடுத்த நிலையில் வைக்கத்தக்க சடங்கு. சடங்குக்குரிய இலக்கணம் முழுதும் அதற்கு உண்டு. நாள் பார்ப்பார்கள். சுற்றம் கூடும். மூத்தவர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து குறை சொல்வார். எல்லாம் முடிந்தபின் பாஸ்போர்ட்டைக் காணோம் என்று ஒரு குரல் எழும்; அது சாமி அலமாரியில் இருக்கும். இத்தனை இருந்தும், கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் கிடைத்த ஆய்வு மரியாதையில் அரைக்கால் பங்குகூடப் பெட்டிக்குக் கிடைத்ததில்லை. அக்குறையை நீக்கப் புகுந்தது இக்கட்டுரை.

களத்தை முதலில் சுருக்கிக்கொள்வோம். அலுவல் நிமித்தம் இரண்டு நாள் சிங்கப்பூர் போய்த் திரும்புபவர் இங்கே சேர்க்கப்படவில்லை. அவர் ஒரு பையோடு போய் அதே பையோடு வருகிறார். ஆய்வாளனுக்கு அவரால் ஒரு நன்மையும் இல்லை. மகளின் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து நியூஜெர்சி போகும் அம்மா அப்பாவே இவ்வாய்வின் முதன்மைத் தரவு. அவர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள், பனியைப் பார்ப்பார்கள், டாலரைத் தொடுவார்கள், பிரசவ லேகியமும் உரைமருந்தும் கொண்டுபோவார்கள். இத்துறையின் சிக்கல்கள் யாவும் அவர்களுடைய நான்கு பெட்டிக்குள் அடங்கும். வளைகுடா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா செல்வோர் தேவையான இடத்தில் ஒப்புநோக்கப்படுவர்.

கருதுகோள் இதுதான்: பெட்டி கட்டும் தமிழர் கிராம் விஷயத்தில் மகா கெட்டி, சதவீத விஷயத்தில் பாரியின் வாரிசு. முந்நூறு கிராமுக்காக இரண்டு இரவு கண்விழிக்கும் குடும்பம், பணம் மாற்றும் இடத்தில் பல ஆயிரம் ரூபாயை ஒரு கேள்விகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டு நகர்கிறது. முன்னதற்குச் சான்று ஏராளம். பின்னதற்குச் சான்று வங்கி அறிக்கையில் இருக்கிறது. அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

எடையியல்

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் 475-ஆம் குறளில் சொல்லிவிட்டார். குறள் வலியறிதல் அதிகாரத்தில் வருவதால் உரைகாரர்கள் அதை அரசனுக்குச் சொன்னதாகக் கொண்டார்கள். ஆனால் மூடிய பெட்டியை மறுபடி திறந்து, "அப்பளம்தானே, இது ஒண்ணும் வெயிட்டே இல்ல" என்று ஒரு கட்டைச் செருகும் கையைக் கண்டவர்கள், அந்தக் குறளுக்கு இன்னோர் உரையும் தேவை என்பதை ஒப்புவார்கள்.

விமான நிறுவனங்கள் இரண்டு மரபாகப் பிரிந்து நிற்கின்றன. அமெரிக்கத் தடத்தில் பெட்டிக் கணக்கு: ஒருவருக்கு இத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள், நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள். வளைகுடா, சிங்கப்பூர்த் தடங்களில் பெரும்பாலும் கிலோ கணக்கு: மொத்தம் இத்தனை கிலோ, அதை எப்படிப் பிரித்துக்கொண்டாலும் உன் பாடு. இந்த வேறுபாடு தெரியாததால் வரும் சண்டைகளைச் செக்-இன் கவுண்டரில் எந்த நள்ளிரவிலும் காணலாம். "அதுல 25, இதுல 21, மொத்தம் 46 சரிதானே சார்?" என்று அப்பா கேட்பார். கூட்டல் சரி. மரபு தவறு. பெட்டிக் கணக்கில் 25 என்பது இரண்டு கிலோ கூடுதல். பக்கத்துப் பெட்டியின் இரண்டு கிலோ தியாகம் அங்கே செல்லாது. கவுண்டரில் இருப்பவர் சில சமயம் கண்டும் காணாமல் விடுவார். அதை விதிவிலக்கு என்று கொள்க, விதி என்று கொள்ளற்க. 32 கிலோவைத் தாண்டிய ஒற்றைப் பெட்டியைப் பணம் கட்டினாலும் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள். அது நிறுவனத்தின் கறார் அன்று, பெட்டி தூக்கும் தொழிலாளியின் முதுகெலும்பு பற்றிய அக்கறை.

டிக்கெட்டில் எந்த மரபு எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியே வாங்க வேண்டும். அப்படி வாங்கும்போதும் வெறும் பெட்டியை எடைபோட வேண்டும். கெட்டியான பெரிய பெட்டி நான்கு கிலோவுக்குக் குறையாது. அதாவது பருப்புப்பொடி உள்ளே போகும் முன்பே ஆறில் ஒரு பங்கு எடை போய்விட்டது. ஆறில் ஒரு பங்கு என்பது பழைய நூல்கள் சொல்லும் இறைவரி அளவு. இங்கே அதைப் பெட்டிக் கம்பெனிக்குக் கட்டுகிறோம்.

வீட்டில் எடை காணும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குளியலறை எடை மெஷினில் அப்பா முதலில் வெறும் ஆளாக ஏறுவார். பிறகு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெட்டியின் எடை. கொள்கை அளவில் இது குற்றமற்றது. நடைமுறையில் பெட்டி மெஷினின் எண்ணை மறைத்துவிடும். ஆகவே ஒருவர் தரையில் குப்புறப் படுத்துக் கால்களுக்கு இடையே எட்டிப் படிக்க வேண்டும். அவர் படித்து முடிப்பதற்குள் அப்பா ஆடிவிடுவார். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்ற நம்பிக்கையும் களத்தில் பதிவாகியுள்ளது. இப்படிக் கிடைக்கும் விடையில் ஒரு கிலோ முன்பின் இருப்பது இயல்பு. கைப்பிடியில் மாட்டித் தூக்கினால் எண் காட்டும் கொக்கித் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கியதும் ஐந்து கிலோ அரிசிப் பையை அதில் தொங்கவிட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதும் 22.5-இல் நிறுத்துவதே அறிவுடைமை; விமான நிலையத் தராசுக்கு வாய்தா கிடையாது.

பெட்டிக்குச் சக்கரம் வந்ததும் இந்த நோய்க்கு ஒரு காரணம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அமெரிக்கர் பெர்னார்ட் சாடோ உருளும் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றது 1972-இல்; நார்த்வெஸ்ட் விமானி ராபர்ட் பிளாத் அதை நிமிர்த்திக் கைப்பிடி வைத்தது 1987-இல். அதற்கு முன் தோல்பெட்டியைத் தூக்கிப் பார்த்த தாத்தாவின் தோளுக்கு எடை தெரிந்திருந்தது. இன்று பெட்டி பளிங்குத் தரையில் வழுக்கிக்கொண்டு போகிறது. அதன் எடை வாடகைக் காரின் டிக்கியில் ஏற்றும்போது ஒருமுறையும் கவுண்டரில் ஒருமுறையும் மட்டுமே வெளிப்படுகிறது. முதல் முறை ஓட்டுநர் முகத்தில், இரண்டாம் முறை நம் முகத்தில்.

இனி, காலியிட விதி. எந்தப் பெட்டியிலும் 200 கிராம் மிச்சம் இருக்கிறது என்ற செய்தி பரவிய ஒரு மணி நேரத்துக்குள் அதை நிரப்பும் பொட்டலத்தோடு ஒருவர் வந்து சேர்வார். "எங்க பையனும் அங்கதான் மாமி இருக்கான், இத மட்டும் குடுத்துடுங்கோ." விசாரித்தால் பையன் இருப்பது டல்லாஸில். நியூஜெர்சிக்கும் டல்லாஸுக்கும் உள்ள தூரம், சென்னைக்கும் டெல்லிக்கும் உள்ளதைவிடக் கூடுதல். தூரத்தை விடுங்கள். "பெட்டியை நீங்களே கட்டினீர்களா, யாராவது ஏதாவது கொடுத்தார்களா?" என்று விமான நிலையத்தில் கேட்பார்கள். ஒட்டிய பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு ஜவாப்தாரி பெட்டிக்கு உரியவரே. எனவே பிரித்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும், அல்லது வாங்கவே கூடாது. இரண்டாவதைச் சொல்லும் துணிவு உள்ளவர்களை இக்கட்டுரையாளர் இன்னும் சந்திக்கவில்லை.

உள்ளடக்க ஆய்வு

நியூஜெர்சி எடிசனில் ஓக் ட்ரீ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. புளி முதல் பூஜைக் கற்பூரம் வரை அங்கே வாங்கலாம். பட்டேல் பிரதர்ஸ் சிகாகோவில் முதல் கடை திறந்தது 1974-இல். அன்றிலிருந்து அமெரிக்காவில் துவரம்பருப்புக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. இதை மகள் தொலைபேசியில் சொல்வாள்: "அம்மா, இங்க எல்லாமே கிடைக்குதும்மா." அம்மாவின் மறுமொழி எல்லா வீட்டிலும் ஒன்றே: "கிடைக்கும்டி, யார் இல்லன்னா?" இந்த உரையாடலுக்குப் பிறகு பெட்டிக்குள் போகும் துவரம்பருப்பின் அளவு குறைந்ததாகத் தகவல் இல்லை. ஆகவே பொருள் அங்கே கிடைக்குமா என்பது இவ்வாய்வில் ஒரு காரணியே அன்று என நீக்கப்படுகிறது. ஆனாலும் ஒரு சொல். அங்கே கிடைக்காதது வீட்டில் இடித்த பொடி, மொட்டைமாடியில் காய்ந்த வடகம், மோர் மிளகாய், குக்கருக்கு அளவான ரப்பர் கேஸ்கெட், குழந்தைக்கு உரசும் மாசிக்காய். இடம் இவற்றுக்கே உரியது. பருப்பையும் ரவையையும் ஓக் ட்ரீ ரோட்டுக்கு விட்டுவிடலாம்.

தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலில் நம் சமையலறை அடிக்கடி தலைகாட்டுகிறது. முதலிடம் கொப்பரைக்கு. காய்ந்த கொப்பரையில் எண்ணெய் மிகுதி, சூடேறினால் தானாகவே தீப்பற்றும் என்பதால் உலக அளவில் அபாயச் சரக்கு அட்டவணையில் அதற்கு 1363 என்று தனி எண்ணே தந்திருக்கிறார்கள். செக்-இன் பெட்டியில் அதற்கு அனுமதி இல்லை. சட்னிக்குக் கொண்டுபோகிறேன் என்று வாதாடிப் பயனில்லை. எக்ஸ்ரே திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கும் ஊர் தேங்காய் ஊர்தான், அவர் வீட்டிலும் சட்னி உண்டு.

கசகசா இன்னும் கடுமை. நமக்கு அது குருமாவின் கெட்டித்தன்மை; சிங்கப்பூருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் சவுதிக்கும் அது அபினிச் செடியின் விதை. போதைப்பொருள் சட்டத்தின் கண் கொண்டு பார்க்கிறார்கள். கரம் மசாலாவோடு கலந்து அரைத்திருந்தாலும் அது கசகசாவே. துபாய் வழியாக அமெரிக்கா செல்வோர் இந்த ஒரு டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். இதில் நகைச்சுவைக்கு இடமில்லை.

கறிவேப்பிலைக்கு வருவோம். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் பெட்டியில் கொண்டுபோக முடியாது. காரணம் சிறிய பூச்சி ஒன்று. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைப் பாழாக்கும் பசுமைநோயைப் பரப்பும் அந்தப் பூச்சிக்குக் கறிவேப்பிலை தாய்வீடு. 2005-இல் ஃபுளோரிடாவில் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டு ஆரஞ்சுத் தோப்புகள் அழிந்த பிறகு, ஒரு கொத்துக் கறிவேப்பிலையை அவர்கள் பார்க்கும் பார்வையே வேறு. அதேபோல் கப்ரா வண்டு என்னும் தானியப் பூச்சி காரணமாக இந்தியாவிலிருந்து பயணிகள் பையில் அரிசியும் கொண்டைக்கடலையும் கொண்டுவர அங்கே தடை. பொன்னி அரிசி இல்லாமல் வாழ முடியாது என்போர், அங்கே மூட்டையாக விற்கும் சோனா மசூரியோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு மரபு ஆராயப்பட வேண்டும். இறங்கியதும் "உணவுப்பொருள் ஏதாவது இருக்கிறதா?" என்று சுங்கத்தார் கேட்டால் "ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுங்க" என்று ஊரிலேயே பாடம் சொல்லி அனுப்பும் வழக்கம் உண்டு. இது முற்றிலும் தவறான உபதேசம். உண்டு என்று சொல்லிவிட்டால், ஆகாத பொருளை எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அத்தோடு முடிந்தது. இல்லை என்று சொல்லிப் பிடிபட்டால் அபராதம். அமெரிக்காவில் சட்டப்படி அது 10,000 டாலர் வரை போகலாம். சாதாரணமாக விதிப்பது சில நூறு டாலர் என்றாலும் நாலு பெட்டி வடகத்தின் விலையைவிட அதிகம். ஆஸ்திரேலியாவில் இதைவிடக் கறார். "ஊறுகாய், பொடி, இனிப்பு" என்று மூன்று சொல் சொன்னால் போதும். பெருங்காயத்தை அவர்களே மோந்து தெரிந்துகொள்வார்கள்.

கையில் எடுத்துச் செல்லும் பைக்கு வேறு இலக்கணம். 2006 ஆகஸ்டில், பிரிட்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்டது. அதன் பின்விளைவே 100 மில்லி விதி. நெய், ஊறுகாய், தேன், தைலம் அனைத்தும் இதில் அடங்கும். தயிர்சாதம் அடங்குமா? தயிர் அடங்கும் என்பதில் ஐயமில்லை. சாதம் அடங்காது என்பதிலும் இல்லை. இரண்டும் கலந்தபின் எப்பக்கம் சாரும் என்பது பிசைந்தவரின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது. வழக்கு வேண்டாம் என்போர் மிளகாய்ப்பொடி தடவிய இட்லிக்கோ புளியோதரைக்கோ மாறிவிடுவது நல்லது. பொடிக்கும் ஓர் எல்லை உண்டு: அமெரிக்கா செல்லும் விமானத்தில் கைப்பையில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், தெளியாவிட்டால் எடுத்துவிடுவார்கள். 2018 முதல் இது நடைமுறை. சாம்பார்பொடி மூட்டை கீழே போகும் பெட்டிக்கே உரியது. பவர் பேங்க்குக்கு நேர்மாறு: அது கீழே போகக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட் மணி வரை தடையில்லை. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது 74 வாட் மணிதான், பயப்பட வேண்டாம்.

ஊறுகாய் கசியாமல் கட்டும் கலையில் இரு பள்ளிகள். பாட்டில் பள்ளியினர் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிரப்பி, வாயில் பிளாஸ்டிக் தாளும் ரப்பர் பேண்டும் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, துண்டில் சுற்றிப் பெட்டியின் நட்டநடுவே சேலைகளுக்கிடையே வைப்பார்கள். அப்படியும் கசிந்தால் போவது பட்டுச்சேலை. கவர் பள்ளியினர் கடைக்காரரிடமே "ஃபாரின் பேக்கிங்" சொல்லிக் காற்றை உறிஞ்சிய கவரில் வாங்கிவிடுவார்கள். கண்ணாடி எடையும் மிச்சம். கட்டுரையாளர் இரண்டாம் பள்ளியைச் சார்ந்தவர். ஆனால் பாட்டில் பள்ளியினரின் பக்தியை மதிக்கிறார்.

மிக்ஸி, கிரைண்டர் கொண்டுபோவது பற்றி ஒரு குறிப்பு. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மாற்றும் அடாப்டர் துளைவடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இங்கே வாங்கிய கிரைண்டர் அங்கே சுற்றும் வேகத்தில் மாவு ஆட்டுவதற்குள் குழந்தை நடக்கத் தொடங்கிவிடும். 110 வோல்ட்டுக்கென்றே செய்த டேபிள்டாப் கிரைண்டரை அங்கேயே விற்கிறார்கள்.

மாத்திரைகள் எந்தக் காரணம் கொண்டும் கீழே போகும் பெட்டிக்குள் போகக் கூடாது. பெட்டி ஃபிராங்க்ஃபர்ட்டில் தங்கிவிடலாம். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் நம்மோடுதான் வரும். அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் சீட்டின் நகலோடு கைப்பையில் வைக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் பொதுவான வழிகாட்டல் 90 நாளுக்கான அளவு.

ஆடையியல்

இவ்வியல் சிறியது, ஏனெனில் பெட்டியில் ஆடைக்குக் கிடைப்பதும் அவ்வளவே. பொட்டலங்களுக்கு இடையே அதிர்வு தாங்கும் பொருளாகத்தான் துணி வைக்கப்படுகிறது. கனமான குளிர்க்கோட்டு ஒன்று வேண்டும் என்றால் அதைப் போட்டுக்கொண்டே ஏற வேண்டும். மீனம்பாக்கத்தில் வியர்க்கும், ஆனால் உடம்பின்மேல் இருப்பதை யாரும் எடைபோடுவதில்லை. தியாகராய நகரில் வாங்கும் மங்கி கேப் நியூஜெர்சிக் குளிருக்குப் போதாது. அப்பாக்கள் அதைக் கழற்றப்போவதும் இல்லை.

பணவியல்

1960-களிலும் 70-களிலும் மேற்படிப்புக்கு அமெரிக்கா போனவர்கள் கையில் 8 டாலரோடு இறங்கியதாகச் சொல்வார்கள். அந்நியச் செலாவணிக்கு நாடு அவ்வளவு கைப்பிடித்த காலம். அப்போது பணத்தைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை, ஏனென்றால் பணமே இல்லை. இன்று ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி 2015 முதல் இடம் தந்திருக்கிறது. அதில் நோட்டாகக் கையில் எடுத்துச் செல்லத்தக்கது, பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு 3,000 டாலர். திரும்பி வரும்போது டாக்ஸிக்கு வேண்டுமே என்று நம் ரூபாயும் 25,000 வரை வைத்துக்கொள்ளலாம். மகள் வீட்டில் தங்கப்போகிறவர்களுக்கு 200, 300 டாலர் நோட்டே தாராளம்; மிச்சத்தை ஃபோரெக்ஸ் கார்டில் ஏற்றலாம்.

எங்கே மாற்றுவது என்பதில்தான் நம் கருதுகோள் உறுதிபெறுகிறது. கணக்குக்கு எளிதாக ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் அங்கீகாரம் பெற்ற இரண்டு மூன்று மாற்றுநரிடம் விசாரித்தால் 91-க்கு ஒருவர் தருவார். விமான நிலையத்தில் உள்ளே போனபின் ஞாபகம் வந்தால் 95 கேட்பார்கள். ஆயிரம் டாலருக்கு நாலாயிரம் ரூபாய் வித்தியாசம். இதே அப்பாதான் அதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கூடுதல் எடைக்குப் பணம் கட்ட மறுத்து, பாதிக் கிலோ தேங்குழலை வழியனுப்ப வந்த மைத்துனன் கையில் திணித்தார். தேங்குழலின் விலை நூற்றைம்பது ரூபாய் இருக்கும்.

பலகையில் இரண்டு விலை எழுதியிருப்பார்கள்: அவர்கள் வாங்கும் விலை, அவர்கள் விற்கும் விலை. நாம் டாலர் வாங்கும்போது நமக்குரியது விற்கும் விலை. "கமிஷன் இல்லை" என்ற அட்டையைக் கண்டால் இந்த இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். கமிஷன் அங்கேதான் குடியிருக்கிறது. கைபேசியில் அன்றைய நடுவிலையைப் பார்த்துக்கொண்டு போனால் பேரம் பேச முடியும். காய்கறிக்காரரிடம் கொத்தமல்லிக்காகப் பேரம் பேசும் நாவு, ஃபோரெக்ஸ் கவுண்டரின் கண்ணாடிக்கு முன் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

அடுத்தது அட்டை. 2020 முதல் இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே கேட்டுத் திறந்துவைத்தால்தான் வேலை செய்யும். ஊரிலேயே செயலியில் அதைத் திறந்துவிட வேண்டும். ஓடிபி வரும் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். சாதாரணக் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை மார்க்கப், அந்த மார்க்கப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து 4.13. ஆயிரம் டாலர் செலவழித்தால் மேற்படி விலையில் 3,717 ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. மார்க்கப் குறைந்த அட்டைகளும் இருக்கின்றன. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே வாங்கிவைக்க வேண்டும்.

இனி வருவது இத்துறையின் மிக நுட்பமான பொறி. கடையில் அட்டையைத் தேய்த்ததும் மெஷின் ஒரு கேள்வி கேட்கும்: டாலரில் கட்டுகிறீர்களா, ரூபாயில் கட்டுகிறீர்களா? வேற்று நாட்டில் ஒரு யந்திரம் நம் ரூபாயின் பெயரை உச்சரித்துவிட்டதே என்று அப்பாவுக்குக் கண் கலங்கும். தேசப்பற்று மேலிட்டு ரூபாயை அழுத்துவார். அழுத்திய கணத்தில் மாற்று விலையைத் தீர்மானிக்கும் உரிமை அந்தக் கடைக்காரரின் வங்கிக்குப் போய்விடுகிறது. அது வைக்கும் விலை நமக்குச் சாதகமாக இருப்பதில்லை. போதாக்குறைக்கு, வெளிநாட்டில் ரூபாயில் முடிந்த கணக்குக்கும் தனிக் கட்டணம் போடும் வங்கிகள் இங்கே உள்ளன. எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டுப் பணத்தையே அழுத்த வேண்டும்: அமெரிக்காவில் டாலர், துபாயில் திர்ஹம், மலேசியாவில் ரிங்கிட். தேசப்பற்றை ஆகஸ்டு 15-க்கு ஒத்திவைக்கலாம். ஏடிஎம் திரையிலும் இதே கேள்வி வரும், இதே விடைதான்.

நோட்டின் உடல்நலமும் கவனிக்கத்தக்கது. நம் ஊரில் நோட்டுக்கட்டை ஸ்டேப்ளர் அடித்த காலம் ஒன்று இருந்தது. 2001-இல் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்னது. நோட்டின் ஓரத்தில் கணக்கு எழுதும் பழக்கம் மட்டும் நம் விரல்களில் இன்னும் மிச்சம். தென்கிழக்கு ஆசியாவில் பல மாற்றுநர்கள் மடிப்பு விழுந்த, பேனா பட்ட, பழைய வரிசை டாலரைத் தொடமாட்டார்கள், அல்லது குறைந்த விலை தருவார்கள். வாங்கும்போதே 2013-க்குப் பின் வந்த, நீலப்பட்டை ஓடும் புது நூறு டாலர் நோட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். கூடவே ஐந்தும் பத்துமாகக் கொஞ்சம். நூறு டாலரை நீட்டினால் அமெரிக்கச் சிறு கடைக்காரர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு நம் முகத்தையும் பார்ப்பார்.

பணத்தை எங்கே ஒளித்து வைப்பது என்பதில் முன்னோர் நம்மைவிடத் தெளிந்தவர்கள். பாட்டியின் இடுப்புச் சுருக்குப்பை, இன்று விமான நிலையக் கடையில் "மணி பெல்ட்" என்று பல மடங்கு விலைக்குத் தொங்குகிறது. பாட்டி அதைச் சேலைக்குள் செருகி வைத்தாள். இன்றைய சுற்றுலாப் பயணி அதைச் சட்டைக்கு மேல் கட்டிக்கொண்டு, பணம் இங்கே இருக்கிறது என்று ஊருக்கு அறிவிக்கிறார். கொள்கை எளிது. இரண்டு அட்டை இருந்தால் இரண்டு பையில். பாஸ்போர்ட் நகல் ஒன்று பெட்டியில், ஒன்று மகளின் கைபேசியில். கீழே போகும் பெட்டியில் பணமோ நகையோ கூடாது.

செலவிலேயே பெரிய செலவு பெட்டியிலும் இல்லை, பர்ஸிலும் இல்லை. அமெரிக்காவில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருமுறை போய் வந்தால் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எவ்வளவு தருவார்கள் என்ற பத்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். பிரீமியத்தில் மிச்சம் பிடிப்பது சாமர்த்தியத்தில் சேராது.

இறுதியாக, பெருக்கல் நோய். இது தொற்றும் முதல் இடம் காபிக்கடை. பலகையில் 5 டாலர் என்று இருக்கும், அப்பாவின் உதடு அசையும், "நானூத்தைம்பது ரூவா!" என்ற ஒலி பிறக்கும். காபி ஆறிவிடும். இந்த நோய்க்கு மருந்து இல்லை. ஓரிரு மாதத்தில் தானாகத் தணிந்து, ஊர் திரும்பியதும் தலைகீழாகத் திரும்பி வரும். அப்போது கும்பகோணம் டிகிரி காபியை டாலரால் வகுத்து, "இவ்ளோ சீப்பா!" என்று இரண்டாவது டம்ளர் சொல்வார்கள்.

பின்னிணைப்பு: சில்லறை

திரும்பி வந்தபின் மிஞ்சிய டாலரில் 2,000 வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேற்பட்டதை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் வெளிநாட்டு நாணயங்களுக்கு அது எந்த உச்சவரம்பும் வைக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின்னில் சிங்கப்பூர்க் காசும் திர்ஹமும் குவார்ட்டரும் கலந்து கிடக்கின்றன. மாற்றுநர் யாரும் நாணயத்தை வாங்கமாட்டார்கள் என்பதால் அவற்றை விமானம் ஏறும் முன்பே செலவழிப்பது நல்லது.

எடையியலும் பணவியலும் சந்திக்கும் ஒரே பொருள் இதுவாகையால் ஒரு கணக்கு இங்கே தரப்படுகிறது. ஒரு அமெரிக்கக் குவார்ட்டரின் எடை 5.67 கிராம். பெட்டியின் சொந்த எடை நான்கு கிலோ போக மிச்சம் 19 கிலோ. அதில் 3,350 குவார்ட்டர் கொள்ளும். மதிப்பு 837 டாலர் 50 சென்ட். அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது 10,000 டாலருக்கு மேல் இருந்தால்தான் அங்கே அறிவிக்க வேண்டும். ஆகவே பெட்டி நிறையக் குவார்ட்டரோடு வருபவர் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தை மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொள்க.